தபால்காரர் நடந்த காடு

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில், டே ஆற்றங்கரையில் இருக்கிறது டன்கெல்ட். அக்டோபர் பிறந்தால் ஊரைச் சுற்றிய மலைச்சரிவுகள் நிறம் மாறும். பீச் மரங்கள் செம்பாகும். லார்ச், ஊசியிலை மரமாக இருந்தும் மஞ்சளித்து இலை உதிர்க்கும். பார்க்கிறவர்கள் ஆதிகாலக் காடு என்றே நினைப்பார்கள். அதில் பெரும்பகுதி பிரபுக்கள் ஆள் வைத்து நட்டது.

லார்ச் ஆல்ப்ஸ் மலைப்பக்கத்து மரம். அதன் கன்றுகள் 1738-ல் டன்கெல்டுக்கு வந்தன. அவற்றில் ஒன்று தேவாலயத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. அந்த நிலங்களின் சொந்தக்காரர்களான அத்தோல் டியூக்குகளில் பின்வந்தவர்கள், முக்கியமாக நான்காமவர், நல்ல மரத்துக்கு நல்ல விலை கிடைக்கும் என்ற கணக்கில் லட்சக்கணக்கில் நட்டுத் தள்ளினார்கள். கிளை தாவும் செவ்வணிலும் வரவழைத்ததுதான். காடழிந்து அணில் அருகிப்போன 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஸ்காண்டிநேவியாவிலிருந்து கொண்டுவந்து டன்கெல்டில் விட்டார்கள். கேப்பர்கெய்லி என்ற பெரிய காட்டுக்கோழி ஸ்காட்லாந்தில் அடியோடு ஒழிந்தபின், 1837-ல் ஸ்வீடனிலிருந்து அதே பெர்த்ஷயரின் டேமத் கோட்டைக்கு வந்தது. பறவை மேல் கொண்ட பாசத்தைவிடத் துப்பாக்கி மேல் கொண்ட பாசமே அதற்குக் காரணம்.

யாரும் அழைக்காமல் வந்தவையும் உண்டு. லார்ச் வேரோடு உறவு வைத்து மட்டுமே வாழும் மஞ்சள் காளான் ஒன்று இருக்கிறது. லார்ச் இல்லாத காலத்தில் அதற்கு அங்கே பிழைப்பில்லை. டியூக் மரக்கணக்குப் போட்டார். காளான் கணக்கைப் போட வேறொருவர் வரவேண்டியிருந்தது.

காளான் கணக்கு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிட்டனில் பெரிய மோகமாகிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டில் 1868 இலையுதிர் காலத்தில் டாக்டர் ஹென்றி கிரேவ்ஸ் புல், தம்முடைய உல்ஹோப் இயற்கையாளர் கழகத்து நண்பர்களைக் காளான் தேடக் காட்டுக்கு அழைத்துப்போனார். பகலெல்லாம் கூடையும் கையுமாக நடை, இரவில் விருந்து. அது ஆண்டுதோறும் தொடர, பாதிரியார்களும் மருத்துவர்களும் தூரத்து ஊர்களிலிருந்து வந்து கூடினார்கள். அவர்களில் ஓவியர் வொர்திங்டன் ஸ்மித், முன்பே ஒருமுறை நச்சுக்காளானைத் தின்று படாதபாடு பட்டவர். அப்படியும் கூடையைக் கீழே வைக்கவில்லை. 1896-ல் யார்க்ஷயரின் செல்பியில் இப்படியொரு காளான் நடையின்போதுதான் பிரிட்டிஷ் காளானியல் சங்கம் உருவானது.

டன்கெல்டில் கழகமும் இல்லை, விருந்தும் இல்லை. சார்லஸ் மக்கின்டாஷ் இருந்தார். பக்கத்து இன்வர் கிராமத்துக்காரர், 1839-ல் பிறந்தவர். இளம் வயதில் மரமறுக்கும் ஆலையில் இடது கை விரல்களை இழந்து, தபால்காரர் ஆனார். தினமும் பல மைல், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, காட்டோரப் பாதைகளில் கடிதம் சுமந்தார். பாசி, பெரணி, காளான் எதையும் அவர் கண் விடவில்லை. அவர் கண்டெடுத்த காளான்களில் சில பிரிட்டனுக்கே புதியவை. கூச்ச சுபாவம், ஆளைக் கண்டால் ஒதுங்குவார். படித்தவர்கள் கூடை தூக்கிய நடை ஆண்டுக்கு ஒருமுறை. இவருக்கோ அது பிழைப்பு. ஒரே மரத்தடியை மழையிலும் பனியிலும் திரும்பத் திரும்பப் பார்க்க வேறு யாருக்கு வாய்க்கும்?

கோடைதோறும் லண்டனிலிருந்து அந்தப் பக்கம் வந்து தங்கிய பணக்காரக் குடும்பம் ஒன்றின் மகள், அவரைச் சிறுவயதிலிருந்தே அறிவாள். பெயர் பியாட்ரிக்ஸ் பாட்டர். காளான் ஓவியங்கள் தீட்டிக்கொண்டிருந்த அவர், 1892 அக்டோபர் கடைசியில், ஓய்வுபெற்றுவிட்ட தபால்காரரைச் சந்தித்துத் தம் படங்களைக் காட்டினார். அவருக்கு 26 வயது, மக்கின்டாஷுக்கு 53. அழகாக வரைந்தால் போதாது, குடைக்கு அடியிலுள்ள மடிப்புகளைக் காட்டவேண்டும், காளானைக் குறுக்கே வெட்டியும் வரையவேண்டும் என்றார் மக்கின்டாஷ். பாட்டர் லண்டன் திரும்பியபின் நட்பு தபாலில் நடந்தது. டன்கெல்டிலிருந்து காளான் பொதி போகும், லண்டனிலிருந்து ஓவியம் வரும்.

மறு ஆண்டு கோடையில் பாட்டர் மீண்டும் டன்கெல்ட் வந்தார். அங்கிருந்துதான் 1893 செப்டம்பர் 4-ஆம் தேதி, நோய்ப்பட்டிருந்த ஒரு சிறுவனுக்கு முயல்குட்டிக் கதை ஒன்றைப் படத்தோடு கடிதமாக எழுதினார். அவருடைய கதைநாயகன், பீட்டர் ரேபிட் என்ற முயல், பிறந்தது அப்படித்தான்.

காளானில் அவருக்கு அவ்வளவு எளிதாக வழி திறக்கவில்லை. காளானின் விதை போன்ற நுண்துகள்களான ஸ்போர்கள் முளைப்பதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1897 ஏப்ரலில் லண்டன் லினேயன் சங்கத்துக்குப் போனது. பெண்கள் கூட்டத்துக்கு வரக்கூடாது. கியூ தாவரவியல் தோட்டத்தின் ஜார்ஜ் மாஸி அவர் சார்பில் முன்வைத்தார். கட்டுரை அச்சேறவில்லை, பின்னர் திரும்பப் பெறப்பட்டது, இன்று கிடைக்கவும் இல்லை. மேதையை உலகம் விரட்டியடித்தது என்று இதை ஊதிப் பெரிதாக்குகிறவர்கள் உண்டு. படிக்கக் கிடைக்காத கட்டுரைக்கு மதிப்பெண் போடுவது நியாயமில்லை. கதவு சாத்தியிருந்தது மட்டும் உண்மை: சங்கம் முதல் பெண் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததே 1904 கடைசியில்தான்.

மக்கின்டாஷ் 1922-ல் இறந்தார். மறு ஆண்டே ஹென்றி கோட்ஸ் அவரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மக்கின்டாஷுக்குப் பாட்டர் கொடுத்த ஓவியங்கள் பெர்த் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1967-ல் ஃபின்ட்லே என்ற காளானியலாளர் காட்டுக் காளான்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டார். அதில் பாட்டரின் ஓவியங்கள் 59.