மூணாவது ஓட்டு: ரயில்வே கிளஸ்டரும் ஒரு கூலிச் சிட்டையும்

இன்னைக்கு டேட்டாபேஸ் கிளஸ்டர். ஆனா கோவில்பட்டி ஸ்டேஷன் கவுன்ட்டர்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க ஆச்சி காலத்துல ரிசர்வேஷன்னா தடிமனான ரிஜிஸ்டர். ஊருக்கு இத்தனை பெர்த்னு கோட்டா. திரும்பி வர்ற டிக்கெட் வேணும்னா அந்த ஊருக்குத் தந்தி போகணும். பதில் வந்தா உண்டு.

1985ல டெல்லியில இம்ப்ரஸ்ங்கிற கணினி முன்பதிவு தொடங்குச்சு. சி.எம்.சி. நிறுவனம் எழுதினது. 1986ல ரயில்வே, கிரிஸ்ங்கிற தனி அமைப்பை உருவாக்குச்சு. அவங்க எழுதின கான்சர்ட் 1994ல செகந்திராபாத்ல ஓட ஆரம்பிச்சது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத்னு அஞ்சு மையங்களும் 1999ல ஒண்ணா இணைஞ்சாச்சு. கோவில்பட்டியில நீட்டுற படிவம் சென்னைக்குப் போகும். மும்பை மையத்து ரயில்னா, சென்னை அங்கே கேட்டு வாங்கித் தரும். ஒரு ரயிலோட கணக்கு ஒரு மையத்துலதான் இருக்கும். இந்த ஒரு முடிவுலயே பாதித் தலைவலி போயிருச்சு.

மீதிப் பாதி, மையத்துக்குள்ள. அங்க இருந்தது டிஜிட்டல் கம்பெனியோட வாக்ஸ் மெஷின்கள். 1983ல அவங்க வாக்ஸ்கிளஸ்டர்னு ஒண்ணைக் கொண்டுவந்தாங்க. பல கணினிகள், பொதுவான டிஸ்க்குகள். ஒரே பெர்த்தை ரெண்டு மெஷின் ஒரே நேரத்துல தொடக்கூடாதுன்னு பூட்டு போடுற ஏற்பாடும் அதுக்குள்ளயே உண்டு.

சரி, மெஷின்களுக்கு நடுவுல இருக்கிற தொடர்பு அறுந்துட்டா? ரெண்டும் உயிரோடதான் இருக்கு. ஆனா ஒவ்வொண்ணும் 'அவன் செத்துட்டான், இனி நான்தான்'னு நினைக்கும். ஒரே பெர்த் ரெண்டு பேருக்கு.

இதுக்குத்தான் கோரம். (பயங்கரம்ங்கிற கோரம் இல்லைங்க, கிராம சபையில ஆள் போதலைன்னு கூட்டத்தை ஒத்திவைக்கிற கோரம்.) ஒவ்வொரு மெஷினுக்கும் ஓட்டு உண்டு. மொத்த ஓட்டோட ரெண்டைக் கூட்டி, பாதியாக்கி, பின்னத்தை விட்டுடணும். மூணு ஓட்டுன்னா தேவை ரெண்டு. ரெண்டு ஓட்டுன்னாலும் தேவை ரெண்டுதான். ஒருத்தர் போனா மத்தவரும் அப்படியே நின்னுடுவார். அதனால ரெண்டே மெஷின் வச்சிருக்கிறவங்க, ரெண்டுக்கும் பொதுவான ஒரு டிஸ்க்குக்கு மூணாவது ஓட்டைக் குடுப்பாங்க. எதிர்பார்க்கிற ஓட்டை ஒண்ணுன்னு குறைச்சு வைக்கவும் வழி இருக்கு. ஆனா அது தப்பு வழி.

அந்தத் தப்பைச் செஞ்சவன் நான்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆலை. பேர் வேண்டாம். ஆபீஸ்ல ஒரு சர்வர், குடோன்ல ஒரு சர்வர், சாட்சிக்கு ஒரு சின்னக் கணினி. "இது எந்த வேலையும் பாக்கலையே, எதுக்கு தம்பி?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்ல வரலை. கழட்டிட்டேன். ஒண்ணு நின்னா இன்னொண்ணும் நிக்குமேன்னு, தனியாவே ஓடலாம்னு செட்டிங்கையும் மாத்தி வச்சேன்.

ஐப்பசி மழையில இடி விழுந்து, ரெண்டு கட்டடத்துக்கும் நடுவுல இருந்த கேபிள் போச்சு. ஒன்றரை நாள் ரெண்டு சர்வரும் தனித்தனியா ராஜா. கேபிள் மாத்தினதும் ஆபீஸ் காப்பியை எடுத்து குடோன் மேல போட்டேன், எல்லாம் சரியாச்சுன்னு நினைச்சு. சனிக்கிழமை கூலி எண்ணிப் பாத்தப்பதான் தெரிஞ்சது. குடோன் பக்கம் வேலை பாத்த பொம்பளைங்க அந்த ஒன்றரை நாள்ல அடைச்ச பெட்டிக் கணக்கு எங்கேயும் இல்ல. பீஸ் ரேட் கூலி. கணக்கு இல்லைன்னா காசு இல்ல.

காப்பாத்தினது மேஸ்திரி அக்காவோட சிட்டை. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவங்க பென்சில்ல எழுதுறதை விடலை. அக்கா ஒவ்வொரு பேரா வாசிக்க, நான் தட்டினேன். ராத்திரி பதினொண்ணு ஆச்சு. ஒருத்தரும் என்னைத் திட்டலை, அதுதான் தாங்க முடியலை.

இப்போ அந்தச் சின்னக் கணினி வாட்ச்மேன் அறையில இருக்கு. ரெண்டு கட்டடத்துக்கும் தனித்தனி கேபிள், தனி பேட்டரி. ஓட்டு மூணு, தேவை ரெண்டு. அக்கா இன்னமும் சிட்டை எழுதுறாங்க. நான் நிறுத்தச் சொல்லலை.