மூக்குத் துடைக்கப் பிறக்காத காகிதம்

சளி பிடித்தால் நம் வீடுகளில் முதலில் தேடுவது நீலகிரித் தைலத்தை. அந்தத் தைலமரத்தின் ஒன்றுவிட்ட உறவுகள் பிரேசிலில் லட்சக்கணக்கான ஏக்கரில் வளர்கின்றன. அங்கே யாருக்கும் இலை வேண்டாம், அடிமரம்தான் வேண்டும். நட்ட ஆறேழு வருஷத்தில் வெட்டி, பட்டை உரித்து, சில்லு சில்லாக நறுக்கிக் கூழாக்குகிறார்கள். அந்தக் கூழ் கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போகிறது. அதில் ஒரு பங்கு கடைசியில் டிஷ்யூவாகி, சளி பிடித்த மூக்குக்குத்தான் வந்து சேர்கிறது. மூக்கடைப்புக்கு இலை, மூக்கொழுகலுக்குத் தண்டு. ஒரே மரக் குடும்பத்துக்கு இப்படி இரண்டு வேலை வாய்த்திருப்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஆனால் முகத்துக்கான டிஷ்யூவை மூக்குக்கென்று யாரும் செய்யவில்லை. அதைச் செய்தவர்களுக்கே அது எதற்கு என்பது சரியாகத் தெரிய பத்துப் பதினைந்து வருஷம் ஆயிற்று.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நீனா என்ற சிற்றூர். அங்கே 1872இல் தொடங்கிய காகிதக் கம்பெனி கிம்பர்லி-கிளார்க். 1914இல் அதன் அதிகாரி ஜேம்ஸ் கிம்பர்லியும், ஆஸ்திரியாவில் பிறந்த வேதியியலாளர் எர்ன்ஸ்ட் மாலரும் ஐரோப்பாவில் காகித ஆலைகளைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். மரக்கூழிலிருந்து பஞ்சு மாதிரி ஒரு பொருளைச் செய்யும் வித்தையை அங்கே கண்டு, ஊர் திரும்பித் தங்கள் வழியில் செய்தார்கள். செல்லுகாட்டன் என்று பெயர் வைத்தார்கள். பருத்தியைவிட ஐந்து மடங்கு ஈரம் உறிஞ்சும் என்பது கம்பெனி சொன்ன கணக்கு. விலையும் குறைவு.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. காயத்துக்குக் கட்ட பருத்திப் பஞ்சு போதவில்லை. அமெரிக்க ராணுவமும் செஞ்சிலுவைச் சங்கமும் செல்லுகாட்டனை வாங்கின. இதையே மெல்லிசாக்கி, விஷவாயு முகமூடிக்குள் வைக்கும் வடிகட்டிக்கும் பயன்படுத்தப் பார்த்தார்கள். போர்முனை மருத்துவமனைகளில் வேலை பார்த்த நர்ஸ்கள் இன்னொரு உபயோகத்தைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். மாதவிடாய் நாட்களில் அணிந்து, பிறகு எறிந்துவிட்டார்கள். ராணுவத்துக்கு அனுப்பிய பண்டத்தின் இந்தப் புதுப் பயன்பாடு கம்பெனியின் காதுக்கு எட்டியது. போர் முடிந்து சரக்கு தேங்கிக் கிடந்தபோது 1920இல் கோடெக்ஸ் கடைக்கு வந்தது.

மெல்லிசான தாள் மட்டும் வேலையில்லாமல் இருந்தது. 1924இல் அதற்கு க்ளீனெக்ஸ் என்று பெயர் சூட்டி, பெண்கள் முகத்தில் பூசிய கோல்டு கிரீமைத் துடைத்தெடுக்கும் தாள் என்று விற்றார்கள். அன்றைய சினிமா நடிகைகளின் மேக்கப் கனமானது. அதைக் கலைக்க கிரீம் தடவித் துண்டால் துடைப்பார்கள். அந்தப் பிசுபிசுத்த துண்டு குளியலறையில் நாள்கணக்கில் தொங்கும். அதற்கு மாற்று இந்தத் தாள் என்றது விளம்பரம். ஹெலன் ஹேஸ், ஜீன் ஹார்லோ போன்ற நட்சத்திரங்களின் பெயரும் முகமும் பத்திரிகைகளில் வந்தன. ஓரளவு விற்றது. கோல்டு கிரீம் வாங்கும் வீடு எத்தனை இருந்துவிடும்?

அப்புறம் கடிதங்கள் வர ஆரம்பித்தன. மனைவிக்கு வாங்கிய தாளை எடுத்துக் கணவன் மூக்கைச் சிந்துகிறான் என்பதுதான் அவற்றின் சாரம். கம்பெனிக்குள்ளும் ஜலதோஷக்காரர்கள் இருந்தார்கள், அவர்களும் அதையேதான் செய்தார்கள். 1930இல் இலினாய் மாநிலத்தின் பியோரியா ஊர்ப் பத்திரிகையில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு விளம்பரம் கிரீம் துடைக்க என்றது. மற்றொன்று கைக்குட்டைக்குப் பதிலாக என்றது. கூப்பன் அனுப்பியவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் கைக்குட்டைப் பக்கம். விளம்பரத்தின் திசை திரும்பியது. ஜலதோஷத்தைச் சட்டைப்பையில் சுமக்க வேண்டாம் என்ற பொருளில் ஒரு வாசகம் எழுதினார்கள். பிறகு விற்பனையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

சந்தை ஆய்வின் வெற்றி என்று நிர்வாகவியல் வகுப்புகளில் இதைச் சொல்லுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நர்ஸ்களும், மனைவியின் அலமாரியில் கைவைத்த கணவர்களும் செய்த கண்டுபிடிப்பை, காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த கம்பெனி அறுவடை செய்தது. காது கொடுத்ததும் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. காகிதத்தில் மூக்கைச் சிந்தி எறியும் பழக்கம் அமெரிக்கர் ஆரம்பித்ததல்ல. 1615இல் ஹசெகுரா சுனெனாகா என்ற சாமுராய் தலைமையில் ரோமுக்குப் புறப்பட்ட ஜப்பானியத் தூதுக்குழு, புயலுக்கு ஒதுங்கி பிரான்ஸின் சான் துரோப்பே கரையில் இறங்கியது. வந்தவர்கள் உள்ளங்கை அளவுக் காகிதத்தில் மூக்கைச் சிந்தியதையும், ஒரு தாளை இரண்டாம் முறை தொடாமல் தரையில் எறிந்ததையும் பார்த்து ஊரார் வாய்பிளந்தார்கள். எறிந்ததைப் பொறுக்கி வைத்துக்கொள்ளத் தள்ளுமுள்ளு நடந்ததாகவும் அன்றைய பிரெஞ்சுக் குறிப்பு சொல்கிறது. ஜெர்மனியில் 1929இலேயே டெம்போ என்ற பெயரில் காகிதக் கைக்குட்டை பதிவாகிவிட்டது. நியூரம்பர்க்கில் அதைத் தொடங்கிய ரோசன்ஃபெல்டர் சகோதரர்கள் யூதர்கள். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் நாட்டைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. ஆலை குஸ்டாவ் ஷிக்கெடன்ஸ் என்ற வியாபாரி கைக்குப் போனது. ஜெர்மனியில் இன்றும் பலருக்கு டிஷ்யூ என்றாலே டெம்போதான். அந்தப் பெயரைக் கொடுத்தவர்களின் கதி அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி ஆலைக்குள் போகலாம். தைலமரக் கூழ் மட்டும் இருந்தால் டிஷ்யூ நிற்காது. அதன் நார் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. மெத்தென்று இருக்கும், பலம் போதாது. பலத்துக்குக் கனடா, ஸ்காண்டிநேவியா போன்ற குளிர்நாட்டுக் காடுகளின் ஸ்ப்ரூஸ், பைன் மரங்கள் வேண்டும். அவற்றின் நார் 3 மில்லிமீட்டர் வரை நீளும். கனடாவின் வடகாடுகளில் ஒரு மரம் அந்த நிலைக்கு வர எண்பது, நூறு வருஷம்கூட ஆகும். இரண்டு சில்லையும் தனித்தனியாகக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில், சுமார் 170 டிகிரி வெப்பத்தில், அழுத்தக் கலனில் வேகவைக்கிறார்கள். நார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் கரைந்து போகிறது. அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் எழுவது இந்தக் கட்டத்தில்தான். காகித ஆலை இருக்கும் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளுக்க முன்பு குளோரின் வாயுவையே விட்டார்கள். டையாக்சின் என்ற நஞ்சு கழிவுநீரில் கலப்பது 1980களில் தெரிந்த பிறகு பெரும்பாலான ஆலைகள் குளோரின் டையாக்சைடுக்கு மாறின.

கெட்டி அட்டைகளாகக் காயவைத்த கூழ் டிஷ்யூ ஆலைக்கு வந்ததும் மறுபடி தண்ணீரில் கரைகிறது. இயந்திரத்தின் வாயில் ஊற்றும்போது அதில் 99 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், நார் அரை சதவீதம்கூட இருக்காது. பார்த்தால் கழுநீர் என்றுதான் தோன்றும். நல்ல ஆலைகளில் ஒரே தாளுக்குள் அடுக்கு வைப்பார்கள். தோலில் படும் பக்கத்துக்குத் தைலமர நார், பலத்துக்கு ஸ்ப்ரூஸ் நார். ஓடும் வலையில் தண்ணீர் வடிகிறது, கம்பளித் துணி மாதிரியான ஃபெல்ட்டில் பிழிகிறது. பிறகு ஈரத்தாள் யாங்கியில் ஒட்டுகிறது.

யாங்கி என்பது ஒரு ராட்சத உருளை. விட்டம் 4, 5 மீட்டர். உள்ளே நீராவி, வெளியே சூடான காற்று. தாள் அதன்மேல் ஒட்டிச் சுற்றுகிற வேகம் நவீன இயந்திரங்களில் நிமிஷத்துக்கு 2,000 மீட்டர் வரை போகிறது, அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் கார் போகும் வேகம். பாதிக்கு மேல் ஈரமாக ஏறும் தாள் அரை விநாடிக்குள் காய்ந்துவிடுகிறது. அங்கே டாக்டர் பிளேடு என்ற நீண்ட கத்தி காத்திருக்கிறது. உருளையில் கோந்து தெளித்து ஒட்டவைத்த தாளை அது சுரண்டி எடுக்கிறது. தரையில் விரித்த பாயை ஒரு முனையில் தள்ளினால் சுருண்டு மடிப்பு விழுமே, அப்படித் தாளில் நுண்ணிய மடிப்புகள் விழுகின்றன. அடுத்துச் சுருட்டும் ரோல் வேண்டுமென்றே யாங்கியைவிட மெதுவாகச் சுற்றுவதால் அந்த மடிப்புகள் கலையாமல் தங்குகின்றன. டிஷ்யூவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், குறுக்கு வரிகள் தெரியும். மெதுவாக இழுத்தால் சற்று நீளும். மென்மை என்று நாம் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் இந்தக் கத்தியின் வேலை. அதனால்தான் கத்தி கொஞ்சம் மழுங்கினாலும் மாற்றிவிடுகிறார்கள். மென்மையை அளக்கக் கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் பயிற்சி பெற்ற ஆட்களைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லி மதிப்பெண் போடும் வழக்கம் போகவில்லை.

ஜம்போ ரோல்கள் வெட்டும் பிரிவுக்குப் போகின்றன. இரண்டு அல்லது மூன்று தாள்களைச் சேர்த்து, ஓரத்தை அழுத்திப் பிணைத்து, வெட்டி மடிக்கிறார்கள். ஒரு தாளின் பாதி அடுத்த தாளின் மடிப்புக்குள் இருக்கும். மேலே உள்ளதை இழுத்தால் அடுத்தது தலைநீட்டும். சிகாகோக்காரர் ஆண்ட்ரூ ஓல்சனின் யோசனை இது, 1920களின் கடைசியில் க்ளீனெக்ஸ் பெட்டிக்கு வந்தது. டிஷ்யூவை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்ததில் இந்த மடிப்புக்கு விளம்பரத்தைவிடப் பெரிய பங்கு உண்டு என்பேன். சளி பிடித்தவனுக்கு ஒரு கைதான் ஓய்வாக இருக்கும்.

ஆலையில் நடக்கும் இன்னொரு காரியம் கண்ணுக்குத் தெரியாது. சாதாரணக் காகிதத்தில் நாருக்கும் நாருக்கும் இடையே இருப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் பட்டால் விட்டுவிடும். நம் ஊர் மெஸ்களில் கொடுக்கும் ஒற்றைத் தாள் நாப்கினில் ஈரக்கையைத் துடைத்தால் விரலெல்லாம் துணுக்கு ஒட்டுவது இதனால்தான். மூக்கில் அப்படி நடந்தால் யாரும் இரண்டாம் பெட்டி வாங்க மாட்டார்கள். எனவே கூழிலேயே ஒரு பிசினைக் கொஞ்சமாகக் கலக்கிறார்கள். 1950களில் ஹெர்குலிஸ் கம்பெனியில் ஜெரால்டு கெய்ம் உருவாக்கிய பாலிஅமைடு-எபிகுளோரோஹைட்ரின் வகைப் பிசின்தான் பெரும்பாலும். சூட்டில் காயும்போது அது தண்ணீரால் அறுக்க முடியாத பிணைப்புகளைப் போடுகிறது. டாய்லெட் ரோலில் இது வேண்டாம், அது தண்ணீரில் கரைந்தே ஆக வேண்டும். வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பியான இரண்டும் வேறுபடும் இடம் இது.

வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு டம்ளர் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் டாய்லெட் ரோல் தாள், மற்றதில் பெட்டி டிஷ்யூ. ஸ்பூனால் கொஞ்ச நேரம் கலக்குங்கள். முதலாவது பெரும்பாலும் பூப்பூவாகப் பிரிந்துவிடும். இரண்டாவது நனைந்த துணியாகச் சுருண்டு ஸ்பூனிலேயே தொங்கும். சாக்கடைக் குழாய்க்குள் போனாலும் அது அப்படித்தான் தொங்கும்.

மூன்று விநாடி உபயோகத்துக்கு நூறு வயது மரமா என்ற கேள்வி வெளிநாடுகளில் எழுந்துவிட்டது. கனடாவின் வடகாடுகள் டிஷ்யூவாகிக் கரைவதைக் கண்டித்து என்ஆர்டிசி என்ற அமெரிக்கச் சூழல் அமைப்பு 2019இல் அறிக்கை வெளியிட்டது. அதற்குப் பதிலாகத் தைலமரத்தை மட்டும் நம்புவோம் என்பதும் சுலபமல்ல. காகித ஆலைக்கென நட்ட தைலமரங்கள் நிலத்தடி நீரைக் குடித்துவிடுகின்றன என்று புதுக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள். மறுசுழற்சிக் காகிதத்தில் செய்யலாம், சொரசொரப்பைப் பொறுத்துக்கொண்டால். 2023இல் கிம்பர்லி-கிளார்க் கனடாவில் க்ளீனெக்ஸ் முக டிஷ்யூ விற்பதையே நிறுத்துவதாக அறிவித்தது. காடு காரணமல்ல, வியாபாரக் காரணம்தான். நம்மைக் கேட்டால், குழாயடியில் மூக்கைச் சிந்தித் தண்ணீரால் கழுவுகிற பழக்கத்துக்குக் காகிதமே வேண்டாம். பஸ்ஸிலும் ஆபீஸ் ஏசி அறையிலும் குழாய் கிடையாது என்பதால் டிஷ்யூவுக்கும் இடம் உண்டு.

வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். துடைத்த டிஷ்யூவை டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், செப்டிக் டேங்க் குழாய் அடைக்கும். பழைய பேப்பர்காரருக்கு எடுத்து வைக்கும் கட்டிலும் சேர்க்காதீர்கள். அழுக்கான, பிசின் கலந்த இந்தத் தாள் மறுபடி காகிதமாகாது. மூடிபோட்ட குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.