பிடிச்சுக்கொண்டு போனதற்கு எத்தனை பேர்?

மாத்தளையில் பஸ் ஏறினால் ரத்தோட்டை, ரிவஸ்டன், இலுக்கும்புர என்று வளைந்து வளைந்து லக்கல பல்லேகமவுக்குப் போகலாம். பழைய பல்லேகம டவுன் இப்போது களுகங்கை நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. போன லீவில் நானும் என் கெம்பஸ் நண்பி ஒருத்தியும் அந்த பஸ்ஸில் போனோம். பக்கத்து சீட்டில் இருந்த சிங்கள மாமா ஒருவர் மலைப்பக்கம் கையைக் காட்டி, "அங்காலதான் லக்கேகல. இராவணனுடைய தண்டுமொனர விமானம் ஏறி இறங்கின மலை" என்றார். சீதையைக் கொண்டுவந்த அதே விமானம்தான்.

நண்பி சும்மா இருக்கவில்லை. "அப்ப சீதை கிட்னாப் பண்ணப்பட்டவளா, ஹொஸ்டேஜா?" என்று கேட்டாள்.

பகிடியாகத்தான் கேட்டாள். ஆனால் எனக்கு அது மண்டைக்குள் ஏறிவிட்டது. கிட்னாப், ஹொஸ்டேஜ், கப்டிவ், அப்டக்ஷன், டிட்டெய்னி, ஹைஜாக் எல்லாவற்றையும் நாம் ஒரே மூச்சில், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாகப் போடுகிறோம். அதற்கு நேர்மாறாகத் தமிழில் "கடத்தல்" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தங்கம், பிள்ளை, விமானம் மூன்றையும் கடத்துகிறோம்.

முதலில் சொற்களைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். ஹொஸ்டேஜ் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். ஒரு வாக்குக்கு ஈடாக மற்றவரிடம் தங்கவைக்கப்படும் ஆள் என்பதுதான் அதன் பழைய பொருள். நம்முடைய "பணயக்கைதி"யும் அதைத்தான் சொல்கிறது. பணயம் என்றால் பந்தயத்தில் வைக்கும் பொருள். தருமன் சூதாட்டத்தில் வைத்தானே, அந்தப் பணயம். கிட்னாப் 17ஆம் நூற்றாண்டில் வந்த சொல். அமெரிக்கத் தோட்டங்களில் வேலை செய்யவைக்கப் பிள்ளைகளையும் இளைஞர்களையும் பிடித்து அனுப்பியவர்களைக் குறிக்கப் புழக்கத்துக்கு வந்தது. ஹைஜாக் இன்னும் சின்னச் சொல். 1920களில் அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது கள்ளச் சாராய லொறிகளை மறித்துக் கொள்ளையடித்ததில் இருந்து பரவியது.

ஐ.நா. பொதுச்சபை 1979 டிசம்பரில் பணயக்கைதிகள் பிடிப்பதற்கு எதிரான சமவாயத்தை ஏற்றது. ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டு, கொல்வேன் அல்லது விடமாட்டேன் என்று மிரட்டி, மூன்றாவது தரப்பு ஒன்றை ஏதாவது செய்ய வைப்பது அல்லது செய்யாமல் தடுப்பதுதான் ஹொஸ்டேஜ் பிடித்தல் என்று அது வரையறுக்கிறது. மூன்றாவது தரப்பிடம் கேட்கும் நிபந்தனைதான் இதில் முக்கியம். அப்படிப் பார்த்தால் சீதை ஹொஸ்டேஜ் இல்லை. இராவணன் இராமனிடம் எதையும் கேட்கவில்லையே.

இந்த அளவுகோலை நம்ம ஊர் வரலாற்றில் வைத்துப் பார்த்தால் என்ன நடக்கும்?

ஆங்கிலத்தில் இலங்கையின் மிகப் பிரபலமான "கப்டிவ்" ரொபர்ட் நொக்ஸ். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் பாய்மரம் முறிந்த ஆன் என்ற கப்பல், அதைத் திருத்த கொட்டியாரக்குடாவுக்கு வந்தது. கப்டன் நொக்ஸையும், 19 வயதான அவருடைய மகன் நொக்ஸையும், இன்னும் சிலரையும் இரண்டாம் இராஜசிங்கனுடைய ஆட்கள் பிடித்துக் கண்டி இராச்சியத்துக்குள் கொண்டுபோனார்கள். தகப்பன் 1661 தொடக்கத்தில் காய்ச்சலில் இறந்தார். மகன் 1679 ஒக்டோபரில் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற கூட்டாளியோடு தப்பி, அநுராதபுரக் காடு வழியாக அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். கிட்டத்தட்ட 19 வருடமும் ஆறு மாதமும். 1681இல் லண்டனில் வெளியான அவருடைய புத்தகத்தை இன்றைக்கும் வரலாற்று மாணவர்கள் தொடாமல் தப்ப முடியாது. மூதூர்ப் பக்கம் அவரைப் பிடித்த இடத்தை "வெள்ளைக்காரன் மரம்" என்று குறித்து ஆங்கிலத்தில் கல்லும் நட்டார்கள்.

ஆனால் அந்தக் கைதி வாழ்க்கையைப் பாருங்க. சங்கிலி இல்லை, சிறை இல்லை. ஆளுக்கொரு கிராமமாகப் பிரித்து விட்டார்கள். சாப்பாடு போடுவது ஊர்ச் சனங்களின் கடமை. நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், எலதத்தவில் காணி வாங்கி வீடு கட்டினார். மற்ற ஆங்கிலேயர் பலர் ஊர்ப் பெண்களோடு குடும்பமானார்கள். பானை தராத குயவர்களோடு சிலர் அடிபட்டு, வழக்கு மேலிடம் போய், தீர்ப்பும் ஆங்கிலேயர் பக்கமே வந்ததாக நொக்ஸே எழுதியிருக்கிறார். அதற்காக அவர் சுதந்திரமாக இருந்தார் என்று நான் சொல்லவில்லை. தகப்பனை அந்நிய மண்ணில் தானே புதைத்த பையன் அவர். ஊருக்குப் போக முடியாத மனிதன் கைதிதான். ஆனால் ஹொஸ்டேஜ் இல்லை.

கண்டியில் உண்மையான ஹொஸ்டேஜ்கள் வேறு ஆட்கள். அவர்களுக்குப் புத்தகமும் இல்லை, மரத்தடிக் கல்லும் இல்லை. மாகாணத்தை ஆளப் போகும் பிரதானியின் மனைவி, பிள்ளைகள் தலைநகரில்தான் இருக்க வேண்டும். அவன் துரோகம் செய்தால் அவர்கள்தான் ஈடு. 1814இல் எஹலேபொல ஆங்கிலேயரிடம் போனபோது அந்த ஈடு தீர்க்கப்பட்டது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கட்டளைப்படி அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். 1979 வரையறைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் நம் வரலாற்றில் கிடைக்காது. ஆனாலும் நம் பாடப்புத்தகத்தில் அது அரசனின் "கொடுமை" என்று மட்டும் வருகிறது. பணயம் வைக்கும் முறை ஒன்று இருந்தது என்பது விளங்காமலே படித்து முடிக்கிறோம்.

அந்த அரசனும் ஒருநாள் பிடிபட்டான். 1815 பெப்ரவரி 18ஆம் திகதி, நக்கிள்ஸ் மலைத்தொடருக்குத் தெற்கே மெதமகநுவரவுக்கு அருகில். லக்கல இருப்பது அதே மலைத்தொடரின் மற்றப் பக்கம். 1816இல் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 1832 ஜனவரியில் வேலூரிலேயே இறந்தான். பிடிபட்டு 17 வருடம், கிட்டத்தட்ட நொக்ஸ் இருந்த அளவு காலம். ஆங்கிலப் பதிவுகளில் அவன் "முடியிழந்த அரசன்", "அரச கைதி". அவனுடைய உறவினருக்கு என்ன நடந்தது? 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் அரசனுடைய ஆண் உறவினரை எதிரிகள் என்று அறிவித்து, "மலபார்" ஆண்கள் அனுமதியில்லாமல் கண்டி மாகாணங்களுக்குள் வரக்கூடாது என்றும் விதித்தது. பெயரைக் கேட்டாலே தெரியும், அது நம்மாட்களைத்தான். அதற்குப் பெயர் சட்டம்.

மாத்தளையில் 1848இல் கலகம் வெடித்தது. தம்புள்ளையில் முடிசூட்டிக்கொண்ட கொங்காலேகொட பண்டாவை செப்டெம்பரில் எல்கடுவையில் பிடித்தார்கள். மரணதண்டனை மாற்றப்பட்டு, நூறு கசையடியும் மலாக்காவுக்கு நாடுகடத்தலும். அடுத்த வருடமே அங்கே இறந்தார். இங்கேயும் சொல்லைக் கவனியுங்க: கிட்னாப் இல்லை, கப்டிவ் இல்லை, தண்டனை. பிடிப்பவனுக்கு நீதிமன்றம் சொந்தமாக இருந்தால் சொல்லும் மாறிவிடும்.

எனக்கு உண்மையில் தொண்டையில் சிக்கியது நொக்ஸின் பிற்கதைதான். தப்பிப் போன மனிதன் பிறகு கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலுக்குக் கப்டனாகி, மடகஸ்காருக்குப் போய், சென்ற் ஹெலினா தீவுக்கு அடிமைகளை வாங்கப் புறப்பட்டார். 19 வருடம் பிடிபட்டிருந்தவர்! கிட்னாப் என்ற சொல் இங்கிலாந்தில் பரவத் தொடங்கிய அதே காலம். ஆனால் மடகஸ்கார் வேலைக்கு அந்தச் சொல்லை யாரும் போடவில்லை. அதற்குப் பெயர் வியாபாரம்.

ஆங்கிலேயன் மட்டும்தான் இப்படி என்று சொன்னால் அது நேர்மையில்லை. 1982இல் சேபால ஏக்கநாயக்க, பிரிந்திருந்த மனைவியும் மகனும் வேண்டும், மூன்று லட்சம் டொலரும் வேண்டும் என்று இத்தாலிய விமானம் ஒன்றைப் பயணிகளோடு பாங்கொக்கில் பிடித்து வைத்தார். ஊர் திரும்பியபோது வரவேற்றவர்களுக்கு அவர் ஹீரோ. 1984 மேயில் யாழ்ப்பாணத்தில் ஓர் அமெரிக்கத் தம்பதியைத் தமிழ் இயக்கம் ஒன்று பிடித்துச் சென்று, தங்கமும் கைதிகளின் விடுதலையும் கேட்டது. சில நாளில் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். வரையறைப்படி இரண்டும் பச்சை ஹொஸ்டேஜ் பிடித்தல். நம்மாள் செய்தால் "நடவடிக்கை", மற்றவன் செய்தால் "கடத்தல்" என்று சொல்லும் பழக்கம் நம் வீட்டிலும் இருக்கிறது.

சரி, சொல்லில் என்ன கிடக்கு என்று கேட்கலாம். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் இருந்து வீதியோரம் உட்கார்ந்த அம்மாக்களிடம் கேட்டுப் பாருங்க. 2016இல் உருவாக்கப்பட்ட சட்டம் அவர்களுடைய பிள்ளைகளைக் "காணாமற்போனோர்" என்றது. அவர்கள் சொன்னது "காணாமல் ஆக்கப்பட்டோர்". பிள்ளை தானாகத் தொலையவில்லை, யுத்தம் முடியும்போது எங்கள் கையாலேயே ஒப்படைத்தோம் என்பவர்கள் அவர்கள். "போன" என்றால் செய்தவன் இல்லை. "ஆக்கப்பட்ட" என்றால் செய்தவன் ஒருவன் இருக்கிறான், அவனிடம் கேள்வி கேட்கலாம். அதே மாத்தளையில், 2012 நவம்பரில் வைத்தியசாலை வளவில் மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. 150க்கும் மேற்பட்டவர்களுடையவை. அவை எந்தக் காலத்தவை என்பதில் சண்டை நடந்தது. 80களின் கடைசியில் பிள்ளையைத் தொலைத்த சிங்களக் குடும்பங்கள் அந்தச் செய்தியை எப்படி வாசித்திருக்கும் என்று யோசித்தால், கிளிநொச்சி அவ்வளவு தூரமில்லை.

இப்போது செய்தியில் "கடத்தல்", "தடுத்துவைப்பு", "பணயக்கைதி" என்று எது வந்தாலும் நான் மூன்று கேள்வி கேட்கிறேன். பிடித்தது யார்? யாரிடம் என்ன கேட்கிறார்கள்? இந்தச் சொல்லைத் தெரிவு செய்தது யார்?

பல்லேகமவில் இறங்கும்போது நண்பியிடம் சொன்னேன், சீதை ஹொஸ்டேஜ் இல்லை, கிட்னாப்தான் என்று. அவள் கேட்டாள்: "சரி, சீதையே எழுதியிருந்தா என்ன சொல் போட்டிருப்பா?" அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்னும் யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறேன்.