தொலைக் கோப்புப் பெயர் நிரப்பல்

தொலைக் கோப்புப் பெயர் நிரப்பல் என்பது, உரைத்தொகுப்பி ஒன்றிலிருந்து வேறொரு கணினியிலுள்ள கோப்பைத் திறக்கும்போது, பயனர் தட்டச்சிடும் முதற்சில எழுத்துகளைக் கொண்டு எஞ்சிய பெயரை மென்பொருளே நிரப்பித் தரும் வசதி ஆகும். ஈமாக்ஸ் உரைத்தொகுப்பியின் டிராம்ப் பொதி இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

ஆண்டி நார்மன் 1989 இல் எழுதத் தொடங்கிய ஆஞ்ச்-எஃப்டிபி, ஈமாக்ஸில் எஃப்டிபி வழியாகத் தொலைக் கோப்புகளைத் திறக்க உதவியது. எஸ்எஸ்எச் போன்ற பாதுகாப்பான இணைப்புகளுக்கான டிராம்ப்பின் உருவாக்கம் 1998 நவம்பரில் தொடங்கியது. அதனைத் தொடங்கியவர் கை கிராஸ்யோகான். 2007 இல் வெளியான ஈமாக்ஸ் 22 முதல் இப்பொதி ஈமாக்ஸுடன் சேர்த்தே வழங்கப்படுகிறது.

செயற்பாடு

தொலைக் கோப்பின் பெயர் பின்வரும் அமைப்பில் இருக்கும்:

/முறை:பயனர்@வழங்கி:/அடைவு/கோப்பு

இவ்வமைப்பைக் கண்டவுடன் ஈமாக்ஸ் பணியை டிராம்ப்பிடம் ஒப்படைக்கும். நிரப்பல் இரு கட்டங்களில் நிகழ்கிறது.

1. வழங்கியின் பெயரை நிரப்பும்போது, பயனரின் கணினியிலுள்ள எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்புகளில் பதிவான பெயர்கள் காட்டப்படும். பெயர் முழுமை பெறாத இந்நிலையில் வழங்கியுடன் இணைய முயல்வது வீண் காத்திருப்பையே தரும்.
2. இரண்டாம் முக்காற்புள்ளிக்குப் பின், டிராம்ப் வழங்கியில் உள்நுழைந்து, அடைவிலுள்ள பெயர்களைக் கேட்டுப் பெறும்.

தாமதமும் நினைவகமும்

தன் கணினியில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும் இவ்வினவல், வலையமைப்பின் வழியே செல்லும்போது தாமதமாகிறது. இணைப்பு அறுந்திருந்தால், மறுமொழிக்குக் காத்துத் தொகுப்பியே உறைந்து நிற்கக்கூடும். ஆதலால் பெற்ற விவரங்கள் சிறிது நேரம் நினைவில் வைக்கப்படுகின்றன. ஈமாக்ஸில் இதன் இயல்பிருப்பு அளவு 10 நொடிகள். அதற்குள் வேறொருவர் உருவாக்கிய கோப்பு பட்டியலில் இடம்பெறாமல் போகலாம். பட்டியலில் இல்லாததாலேயே கோப்பு இல்லை என முடிவு செய்தல் கூடாது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கும்படி அமைக்கவும் இயலும்; அதன் விலை வேகக் குறைவு.

தமிழ்ப் பெயர்கள்

மதுரை மாவட்ட ஊர்களின் பெயரில் "மேலூர்", "மேலக்கால்" என இரு கோப்புகள் மட்டும் இருப்பதாகக் கொள்வோம். "மே" எனத் தட்டச்சிட்டுத் தத்தல் விசையை அழுத்தினால், குறிப்புள்ளிகளை ஒப்பிடும் நிரப்பல் "மேல" என்பது வரை நிரப்பும். ஒருங்குறியில் "லூ" என்பது "ல" எழுத்தும் ஊகாரக் குறியும் சேர்ந்த இரு குறிப்புள்ளிகள் என்பதே காரணம்.

"கோரிப்பாளையம்" போன்ற பெயர்களில் சிக்கல் பெரிது. ஓகாரக் குறியை ஒரே குறிப்புள்ளியாகவோ, ஏகாரக் குறியும் கால் குறியுமாகப் பிரித்தோ எழுதலாம். மேக் கணினிகளின் எச்எஃப்எஸ்+ கோப்பு முறைமை பிரித்த வடிவிலேயே பெயர்களைச் சேமித்தது. லினக்ஸ் வழங்கிகள் பொதுவாகக் கொடுத்த வடிவிலேயே வைக்கின்றன. திரையில் ஒன்றாகத் தோன்றினும் குறிப்புள்ளிகள் வேறுபடுவதால், இருக்கும் கோப்பே நிரப்பலில் அகப்படாது போகலாம். பெயர்களை ஒரே வடிவிற்கு மாற்றி வைப்பது இதற்குத் தீர்வாகும்.