தண்ணீரே பிஸ்டன்

குஜராத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில், அங்க்லேஷ்வர் பக்கம் ஒரு ரசாயன ஆலையின் கடன் மனு என் மேஜைக்கு வந்தது. இயந்திரப் பட்டியலில் 'லிக்விட் ரிங் கம்ப்ரஸர்' என்று ஒன்று. விலை அதிகம், கரண்ட் செலவும் அதிகம். பி.காம். மூளை சும்மா இருக்குமா? "சாதாரண பிஸ்டன் கம்ப்ரஸர் போதாதா?" என்று கேட்டுவிட்டேன். ஆலை இன்ஜினியர் சிரிக்கவில்லை. "உள்ளே போவது குளோரின், சாஹேப்" என்றார்.

அன்று அவர் சொன்னதையும் பிறகு படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

மோர் கடையும்போது பார்த்திருப்பீர்கள். நடுவில் குழி விழும், மோர் ஓரத்தில் ஏறும். இதுவும் அப்படித்தான். உருளைக் கூட்டுக்குள் இறக்கைச் சக்கரம் வேகமாகச் சுற்ற, உள்ளிருக்கும் தண்ணீர் ஓரத்துக்கு வீசப்பட்டு வளையமாக நிற்கும். சக்கரத்தைக் கூட்டின் நடுவில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்திருப்பதுதான் சூட்சுமம். ஒரு பக்கம் தண்ணீர் சக்கரத்தின் நடுப்பகுதியை விட்டு விலகும். இறக்கைகளுக்கிடையே இடம் பெருகி வாயு உள்ளே வரும். மறுபக்கம் தண்ணீர் நெருங்கி வந்து அந்த வாயுவை அழுத்தி வெளியே தள்ளும். தண்ணீரே பிஸ்டன்! இறக்கை எதிலும் உரசாது, உள்ளே எண்ணெயும் வேண்டாம்.

சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பு சுடும் இல்லையா? வாயுவை அழுத்தினால் சூடு வரும். இங்கே அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். வாயுவோடு வெளியே வரும் தண்ணீரைப் பிரித்து, குளிரவைத்து, மறுபடி உள்ளே விடுவார்கள்.

ஜெர்மனியில் சீமன்ஸ்-ஷூக்கர்ட் நிறுவனம் 1903-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டது. அமெரிக்காவில் லூயிஸ் நாஷ் 1914-ல் வாங்கினார். அவருடைய கம்பெனி கனெக்டிகட் மாநிலத்து நார்வாக் ஊரில் இவற்றைத் தயாரித்தது. இதையே உறிஞ்சும் பம்பாக வைத்து, ஈரக் காகிதத்திலிருந்து நீரை இழுக்கக் காகித ஆலைகள் பயன்படுத்தின. வங்கிக்காரனுக்குப் பிடித்த செய்தி ஒன்று: நாஷ், சீமன்ஸ் இரண்டின் பம்பு வியாபாரமும் பிற்பாடு ஒன்றாகி, 2004-ல் கார்ட்னர் டென்வர் கைக்குப் போனது. நூறு வருடம் கழித்து இரண்டும் ஒரே பேலன்ஸ் ஷீட்டில்!

இனி அந்தக் கரண்ட் பில். தண்ணீரைச் சுழற்றவே மின்சாரத்தில் பெரும்பங்கு போய்விடும். கணக்குப்படி நஷ்டம்தான். ஆனால் அசிட்டிலீன் வாயு அழுத்தத்திலும் சூட்டிலும், காற்றே இல்லாமல் கூட, வெடித்துச் சிதறும். சுமார் 250 டிகிரி செல்சியஸில் குளோரினுக்குள் இரும்பே தீப்பிடித்து எரியும்; சாதாரண மசகு எண்ணெயும் அதற்கு ஆகாது. ஈரமான குளோரின் இரும்பை அரித்துவிடும் என்பதால், அங்கே தண்ணீருக்குப் பதில் அடர் கந்தக அமிலத்தைச் சுழலவிடுகிறார்கள்.

நான் வெட்டப் பார்த்த செலவு அந்த ஆலைத் தொழிலாளிகளின் உயிருக்கானது. மனுவில் எதையும் குறைக்காமல் பரிந்துரைத்தேன். இப்போதெல்லாம் விலை கேட்பதற்கு முன், உள்ளே போவது என்ன என்று கேட்டுவிடுகிறேன்.