கம்பி யாருக்குச் சொந்தம்: கென்டக்கி மலைக் கவுண்டிகளில் பிராட்பேண்ட் வந்த வரலாறு, 1949–2024

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், அப்பலாச்சியன் மலைகளின் மேற்கு விளிம்பில், ஜாக்சன், ஔஸ்லி என்று இரண்டு கவுண்டிகள் அடுத்தடுத்து உள்ளன. இரண்டும் சேர்ந்து சுமார் 1,400 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பின்படி 17,000 பேர். நம் ஊர்ப் பேரூராட்சி ஒன்றில் அடங்கிவிடும் கூட்டம். ஔஸ்லி, வருமானக் கணக்கில் அந்நாட்டின் மிக ஏழைக் கவுண்டிகளுள் ஒன்றாகப் பல பத்தாண்டுகளாக இருந்துவருவது. ஜாக்சனின் தலைமையிடமான மெக்கீ என்ற சிற்றூரில் போக்குவரத்து விளக்கு ஒன்றே ஒன்று. இந்த மலைப்பகுதியில், உள்ளூர்த் தொலைபேசிக் கூட்டுறவுச் சங்கத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லா வீட்டுக்கும் 2014-க்குள் ஃபைபர் கம்பி போய்ச் சேர்ந்துவிட்டது. அமெரிக்கப் பெருநகரங்களிலேயே அப்போது ஏராளமான வீடுகளுக்கு அது கிடைத்திருக்கவில்லை.

இதைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர்கள் பலரும் ‘ஓல்ட் பப்’ என்ற கோவேறு கழுதையை விடாமல் குறிப்பிடுவார்கள். லாரி ஏற முடியாத சரிவுகளில் கம்பம் கம்பமாகக் கேபிளை இழுத்துச் சென்றது அதுதான். நல்ல காட்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே மலையும் அதே வறுமையும் உள்ள பல அண்டைக் கவுண்டிகளில் 2014-இல் ஏன் ஃபைபர் வரவில்லை என்ற கேள்விக்கு அந்தக் கழுதையிடம் பதில் கிடையாது. பதில் 1949-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஒன்றில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்கக் கிராமங்களில் தொலைபேசி பின்னோக்கிப் போன காலம் ஒன்று உண்டு. பெல் நிறுவனத்தின் அடிப்படைக் காப்புரிமைகள் 1893, 1894-இல் காலாவதியானதும் விவசாயிகள் தாங்களாகவே கம்பி இழுத்துக்கொண்டார்கள். சில இடங்களில் வேலியின் முள்கம்பியே தொலைபேசிக் கம்பியாயிற்று. 1920-இல் பண்ணை வீடுகளில் 38.7 விழுக்காட்டில் தொலைபேசி இருந்தது. 1940-இல் அது 25 விழுக்காடு. பெருமந்தத்தில் சந்தா கட்ட வழியில்லை. உளுத்துப்போன கம்பங்களை மாற்ற ஆளும் இல்லை, பணமும் இல்லை. தொழில்நுட்பம் ஒருமுறை ஊருக்குள் வந்துவிட்டால் நிலைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும்.

மின்சாரத்தின் கதை வேறு. 1935-இல் பத்துப் பண்ணைகளில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. அந்த ஆண்டு ரூஸ்வெல்ட் கிராம மின்மயமாக்க நிர்வாகத்தை ஏற்படுத்தினார். மறு ஆண்டு சட்டம் வந்தது. அரசு தானே கம்பி இழுக்கவில்லை. விவசாயிகள் சங்கம் அமைத்தால் அதற்குக் குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடன் கொடுத்தது. ஜாக்சன் கவுண்டியிலும் 1938-இல் மின் கூட்டுறவு ஒன்று உருவானது. இந்த ஏற்பாட்டைத்தான் 1949 அக்டோபரில் நாடாளுமன்றம் தொலைபேசிக்கும் விரித்தது: 2 விழுக்காடு வட்டி, 35 ஆண்டுத் தவணை.

கடனைவிட முக்கியமானது அதனுடன் வந்த நிபந்தனை. கடன் வாங்கும் அமைப்பு, லாபம் வரும் வீடுகளை மட்டும் பொறுக்கி எடுத்து இணைப்புக் கொடுத்துவிட்டு ஒதுங்க முடியாது. தன் எல்லைக்குள் இயன்ற அளவு அதிகம் பேரைச் சேர்த்துக்கொண்டாக வேண்டும். சாலையோரக் கடைக்காரருக்கும் பள்ளத்தாக்கின் கோடியில் தனியாக இருக்கும் குடிசைக்கும் ஒரே சங்கம், ஒரே உறுப்பினர் உரிமை, ஆளுக்கு ஒரு ஓட்டு. மெக்கீயைத் தலைமையிடமாகக் கொண்ட பீப்பிள்ஸ் ரூரல் டெலிபோன் கோஆப்பரேட்டிவ் இந்தத் திருத்தத்தை அடுத்து, 1950 வாக்கில் பிறந்தது. பெரிய நிறுவனங்கள் சீந்தாத நிலப்பகுதிதான் அதன் எல்லையாயிற்று. மிச்சம் மீதியாக வந்த அந்த நிலமே அறுபது ஆண்டு கழித்துச் சாதகமாக மாறியதுதான் இதில் உள்ள விந்தை.

அது எப்படி மாறியது என்பதற்கு மானியத்தின் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், எல்லாருக்கும் சேவை என்ற கொள்கையை எழுத்தில் கொண்டுவந்தது. அதற்கான நிதி, நாடு முழுவதும் தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்த்து வசூலாகிறது. பகிர்வதில் இரண்டு வழிமுறைகள் இருந்தன. சிறு நிறுவனங்களும் கூட்டுறவுகளும் தாங்கள் உண்மையில் போட்ட முதலீட்டைக் காட்டி, அதன்மேல் அனுமதிக்கப்பட்ட வரவைப் பெறலாம். கம்பியைப் புதுப்பித்தால் அந்தச் செலவு கணக்கில் ஏறும். ஆகவே புதுப்பிக்கத் தூண்டுதல் இருந்தது. பெரிய நிறுவனங்களுக்கோ கட்டண உச்சவரம்பு முறை. அவர்களுடைய செலவு மாநிலம் தழுவிய சராசரியாகக் கணக்கிடப்பட்டது. லூயிவில் நகரத்தின் மலிவான இணைப்புகளோடு மலைக்கிராமத்தின் விலையேறிய இணைப்புகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், மலைக்கிராமம் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். மறைந்த ஊருக்கு யார் முதலீடு செய்வார்கள்?

விளைவை மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையமே 2011-இல் பதிவு செய்தது. வீட்டில் பிராட்பேண்ட் கிடைக்காத சுமார் 1.8 கோடி அமெரிக்கர்களில் 83 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பெரிய நிறுவனங்களின் எல்லைக்குள் வசித்தார்கள். நகரம், கிராமம் என்ற பிளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கிராமத்துக்கும் கிராமத்துக்கும் இடையே இன்னொரு பிளவு ஏற்பட்டிருந்தது. கென்டக்கியின் பல கிராமப் பகுதிகளில் கம்பியின் உரிமை கைமாறிக்கொண்டே போனதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்: ஜிடிஇ-யிடமிருந்து வெரைசனுக்கு, 2002-இல் ஆல்டெலுக்கு, 2006-இல் விண்ட்ஸ்ட்ரீமுக்கு. விண்ட்ஸ்ட்ரீம் 2019-இல் திவால் பாதுகாப்புக் கோரியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கடன் சுமை ஏறியதே தவிர, மலையில் கிடந்த செம்புக் கம்பி புதிதாகவில்லை.

ஆணையம் கண்ட மாற்று வழி 2015-இல் வந்தது. பெரிய நிறுவனங்களுக்கு ஆறு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஏறத்தாழ 150 கோடி டாலர். கைம்மாறாக அவர்கள் தர வேண்டிய வேகம் நொடிக்கு 10 மெகாபிட். அதே ஆண்டு, அதே ஆணையம், 25 மெகாபிட்டுக்குக் குறைந்த எதுவும் பிராட்பேண்ட் அல்ல என்று இலக்கணத்தைத் திருத்தியிருந்தது. தானே தகுதியற்றது என்று அறிவித்த வேகத்துக்குத் தானே பணம் கொடுத்த இந்த முடிவை, கொள்கை வரலாற்றில் நியாயப்படுத்துவது கடினம்.

மெக்கீ சங்கம் அதற்கு முன்பே வேறு பாதையில் போயிருந்தது. நீண்ட காலமாக அதன் தலைவராக இருந்த கீத் கப்பார்ட் உள்ளூர்க்காரர். செம்புக் கம்பிக்கு வயதாகிவிட்டது. மாற்றுவதென்றால் மறுபடி செம்பா, ஃபைபரா என்ற கேள்வி வந்தது. 2009-ஆம் ஆண்டுப் பொருளாதார மீட்புச் சட்டத்தின் நிதியும் மத்தியக் கடனும் கைகொடுத்தன. கடன் கொடுத்த கிராமப் பொதுச்சேவை அலுவலகம், மின்மயமாக்க நிர்வாகம் 1994-இல் பெயர் மாறி நிற்கும் வடிவமே. சங்கத்துக்கு அது பழகிய வாசல்; படிவம் நிரப்புவது, தணிக்கை கொடுப்பது, தவணை கட்டுவது எல்லாம் இரண்டு தலைமுறைப் பழக்கம். சுமார் 1,600 கிலோமீட்டர் கேபிளுக்கு ஏறக்குறைய 5 கோடி டாலர் ஆனது. மைலுக்கு 50,000 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மைலில் ஐந்து வீடு இருந்தாலும் ஐம்பது வீடு இருந்தாலும் கம்பி இழுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் வராது. அந்தச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் வீடுகளின் எண்ணிக்கைதான் மாறும். தனியார் முதலீடு மூன்று நான்கு ஆண்டில் திரும்பி வர வேண்டும் என்று பார்க்கும். சங்கம் பல பத்தாண்டுத் தவணையில் பார்த்தது.

இதே மாநிலத்தில் மேலிருந்து கீழே வர முயன்ற திட்டம் ஒன்றும் உண்டு. கென்டக்கிவயர்டு, 120 கவுண்டிகளையும் இணைக்கும் முதுகெலும்புக் கேபிள். மேக்குவாரி நிறுவனத்தோடு சேர்ந்து மாநில அரசு தொடங்கியது. கேபிளைக் கட்ட வேண்டிய கம்பங்கள் பிறருக்குச் சொந்தம். ஒவ்வொரு உரிமையாளரிடமும் ஒப்பந்தம் வாங்குவதற்குள் கெடு தவறியது, அபராதம் ஏறியது. முப்பது ஆண்டில் வரி செலுத்துவோருக்கு 150 கோடி டாலர் வரை சுமை விழும் என்று மாநிலத் தணிக்கையாளர் 2018-இல் எச்சரித்தார். அத்தனைக்கும் பிறகு அது அரசு அலுவலகங்களையும் நிறுவனங்களையும் இணைப்பதற்கானது. வீட்டு வாசல்வரை போகும் கடைசித் துண்டு அதன் பொறுப்பில் இல்லை.

கூட்டுறவு இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. பக்கத்து டென்னசியில் மின் கூட்டுறவுகள் பிராட்பேண்ட் விற்கவே 2017-இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. 2010-இலேயே ஊர் முழுதும் கிகாபிட் வேகம் கொடுத்த சட்டனூகா நகராட்சி மின்வாரியம், தன் மின் எல்லையைத் தாண்டி அண்டைக் கிராமங்களுக்குப் போக மாநிலச் சட்டம் தடையாக நின்றது. ஆணையம் 2015-இல் அதை நீக்கப் பார்த்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் ஆணையத்தின் உத்தரவை ரத்து செய்தது.

ஃபைபர் வந்த பின் ஜாக்சன், ஔஸ்லியில் என்ன நடந்தது? புகையிலைக் கோட்டா முறையை 2004-இல் மத்தியச் சட்டம் முடித்துவைத்திருந்தது. கிழக்குக் கென்டக்கியின் நிலக்கரி வேலைகளும் சரிந்துகொண்டிருந்தன. டெலிவொர்க்ஸ் யுஎஸ்ஏ என்ற லாபநோக்கற்ற அமைப்பு உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலிருந்தே வாடிக்கையாளர் சேவை செய்யும் வேலைகளில் நூற்றுக்கணக்கானோரைச் சேர்த்தது. அருகே வேலை கிடைக்காமல் மணிக்கணக்கில் கார் ஓட்டிப் போனவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆயினும் 2010-இல் 4,755 ஆக இருந்த ஔஸ்லியின் மக்கள்தொகை 2020-இல் 4,051 ஆகக் குறைந்தது. ஜாக்சனில் 13,494 என்பது 12,955 ஆயிற்று. ஃபைபர் வந்தால் ஊரைவிட்டுப் போவது நின்றுவிடும் என்ற பரப்புரைக்கு இந்தக் கணக்கெடுப்பு ஆதரவு தரவில்லை.

இதற்குள் இன்னொரு சிக்கல் தலைதூக்கியது. கம்பி வாசலில் இருந்தாலும் மாதாமாதம் பில் கட்ட வேண்டும். 2021 உள்கட்டமைப்புச் சட்டம் கம்பி போட 4,245 கோடி டாலரும், ஏழைக் குடும்பங்களின் பில்லில் மாதம் 30 டாலர் கழிக்க 1,420 கோடி டாலரும் ஒதுக்கியது. கம்பிக்கான பணத்தில் கென்டக்கியின் பங்கு 100 கோடியைத் தாண்டியது. பில்லுக்கான பணமோ தீர்ந்துபோக, நாடாளுமன்றம் மேற்கொண்டு ஒதுக்காததால், 2024 ஜூன் 1-ஆம் தேதி அந்தச் சலுகை நின்றது. இப்போது ஔஸ்லியின் ஏழைக் குடும்பத்துக்கு மத்திய அரசிடமிருந்து எஞ்சியிருப்பது, 1985-இல் தொலைபேசிக்காகத் தொடங்கி 2016-இல் இணையத்துக்கும் விரித்த லைஃப்லைன் சலுகை: மாதம் 9.25 டாலர்.