'ஃப்ரீ': ஒரு சொல், பல பொருள்

நாள்தோறும் நம் நாவில் புரளும் ஆங்கிலச் சொற்களுள் 'ஃப்ரீ' என்பதும் ஒன்று. 'நாளை ஃப்ரீயாக இருக்கிறீர்களா?' என்று கேட்டால் அது ஓய்வு. 'ஒன்று வாங்கினால் ஒன்று ஃப்ரீ' என்றால் இலவசம். 'சுகர் ஃப்ரீ' என்றால் சர்க்கரை இல்லை என்று பொருள். சிறையிலிருந்து மீண்டவர் 'ஃப்ரீ' என்றால் அது விடுதலை. ஓரசைச் சொல் ஒன்று இத்தனை பொருள்களைச் சுமப்பது வியப்புக்குரியது.

இச்சொல்லின் வேர் 'அன்புக்குரிய' என்னும் பொருள் கொண்டது என்பர் மொழியியலாளர். நண்பரைக் குறிக்கும் 'ஃபிரெண்ட்' என்ற சொல்லும் வடமொழியின் 'பிரிய' என்ற சொல்லும் இதன் உறவினர்கள். குடும்பத்தின் அன்புக்குரியோர் அடிமைகள் அல்லர் என்பதால், ஜெர்மானிய மொழிகளில் அது சுதந்திரமானவரைச் சுட்டலாயிற்று என்பது அவர்தம் விளக்கம். 'காசு கொடுக்க வேண்டாம்' என்ற பொருள் பின்னர் வந்து சேர்ந்தது.

பொருளியலிலும் இச்சொல் பல வேடங்கள் தரிக்கிறது. 'ஃப்ரீ டிரேட்' என்பது சுங்கவரி, இறக்குமதி ஒதுக்கீடு போன்ற தடைகளற்ற வணிகம். விலையற்ற வணிகம் அன்று. 'ஃப்ரீ குட்ஸ்' என்பவை காற்று, வெயில் போல் தட்டுப்பாடின்றிக் கிடைப்பவை. பொது நன்மைக்கான செலவில் பங்கேற்காமல் பயனை மட்டும் நுகர்பவர் 'ஃப்ரீ ரைடர்'. தொழிலாளி இருவகையில் 'ஃப்ரீ' என்று எழுதினார் கார்ல் மார்க்ஸ்: தம் உழைப்பாற்றலை விற்க உரிமை உண்டு, விற்பதற்கு வேறொன்றும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மதுக்கடைகளில், மது வாங்குவோருக்கு மதிய உணவு இலவசம். உணவின் செலவு மதுவின் விலைக்குள் ஒளிந்திருந்தது. 'இலவச மதிய உணவென ஒன்றில்லை' என்ற வழக்கு இந்தப் பின்னணியில் பொருள் பெறுகிறது. மில்டன் ஃபிரீட்மன் 1975-இல் தம் நூலொன்றுக்கு இதையே தலைப்பாக்கினார்.

ஆங்கிலம் குழப்பும் இடத்தில் தமிழ் தெளிவாக இருக்கிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்துத் தொடங்கிய மென்பொருள் இயக்கத்தில் 'ஃப்ரீ' என்பது விலையை அன்றி உரிமையைக் குறிப்பது. இதை அவர் ஆங்கில வாசகர்களுக்கு மீண்டும் மீண்டும் விளக்க வேண்டியிருந்தது. தமிழிலோ 'கட்டற்ற மென்பொருள்' என்றதும் ஐயம் அகல்கிறது. ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்தையும் நினைவுகூரலாம். சில தளங்களை மட்டும் கட்டணமின்றித் தந்த அது, இலவசம். ஆனால் கட்டற்றது அன்று. இணையத் தரவுக்குப் பாகுபாடான கட்டணம் விதிப்பதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரியில் தடை செய்தபோது அத்திட்டம் இந்தியாவில் முடிவுக்கு வந்தது.

இந்த வேறுபாடு நம் அரசியல் விவாதத்துக்கும் தேவை. தேர்தல் அறிக்கைகளில் இலவசப் பொருள்களை வாக்களிப்பது ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் வாதம் ஓயவில்லை. ஒரு தரப்பு அனைத்தையும் 'ஃப்ரீபி' என இகழ்கிறது. மறுதரப்பு அனைத்தையும் உரிமை எனப் போற்றுகிறது. 'விலையில்லா' என்று பெயர் மாற்றினாலும் செலவு மறைவதில்லை. அதை வரி செலுத்தும் நாமே ஏற்கிறோம். தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி செலுத்துபவரே.

வழிகாட்டும் வரையறை ஒன்று நம் சட்டத்திலேயே உள்ளது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு 'ஃப்ரீ' கல்வியை உறுதியளிக்கிறது. தொடக்கக் கல்வியைத் தொடர்வதற்கும் முடிப்பதற்கும் தடையாகக்கூடிய எந்தக் கட்டணத்தையும் செலவையும் குழந்தை ஏற்க வேண்டியதில்லை என்கிறது அது. இங்கே கட்டணமின்மை கருவி, தடையின்மையே நோக்கம்.

எந்த இலவசத்தையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். அது யாருடைய வழியில் நிற்கும் எந்தத் தடையை அகற்றுகிறது? அதன் செலவை யார் ஏற்கிறார்கள்? பள்ளியின் மதிய உணவு முதல் வினாவுக்கு உடனே விடை தரும். விடை தராத திட்டம் வெறும் 'ஃப்ரீ'யாகவே நின்றுவிடும்; எவரையும் விடுவிக்காது.